திரை பழுப்பாக மாறியது ஏன்? எண்டோஸ்கோபி பற்றிய ஒரு வாசகியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். என் அப்பாவுக்கு 61 வயது. நாற்பது ஆண்டுகளாக வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நெஞ்செரிச்சலுக்காக எண்டோஸ்கோபி செய்தபோது ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். போன மாதம் வேறொரு மருத்துவமனையில் மறுபடியும் செய்தோம். பாதியில் டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தியதும் திரை முழுவதும் பச்சையும் பழுப்புமாக மாறிவிட்டது. என்னை உள்ளே அழைத்து ஒரு பழுப்புத் திட்டைக் காட்டினார். ‘முன்பற்களிலிருந்து 28 செ.மீ., 15 மி.மீ. அளவு, என்.பி.ஐ.யில் பி1 வகை, அயோடின் ஏற்கவில்லை’ என்று அறிக்கையில் இருக்கிறது. பயாப்ஸியில் ‘ஹை கிரேடு டிஸ்ப்ளேசியா’ என்று வந்தது. எண்டோஸ்கோபி வழியாகவே அந்த இடத்தை எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொரு டாக்டரோ ‘இது புற்றுநோய்தான்’ என்கிறார். முதல் டாக்டர் கோட்டை விட்டுவிட்டாரா? அந்த வெளிச்சம் கதிர்வீச்சா? வெளிச்சத்திலேயே தெரிந்துவிட்டது என்றால் சதை எடுத்தது எதற்கு? நூற்றுக்கணக்கான நிறங்களில் படம் எடுக்கும் கருவிகள் வந்திருப்பதாகப் படித்தேன். அதைத் தேடிப் போக வேண்டுமா? புகையிலையை விட்டுவிட்ட அப்பா, பாக்கு மட்டும் போடலாமா என்று கேட்கிறார்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி அந்தப் பழுப்பு வெளிச்சத்தைப் பற்றியது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அது கதிர்வீச்சு அன்று. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் ஆகியவற்றில் பயன்படும் கதிர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வானவில்லில் நாம் காணும் நிறங்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தடுத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் அந்தப் பொத்தான் செய்யும் வேலை. உடம்புக்குள் மருந்து எதுவும் ஏற்றப்படுவதில்லை. மீண்டும் ஒருமுறை பொத்தானை அழுத்தினால் வழக்கமான வெள்ளை ஒளி வந்துவிடும்.

இதற்கு நேரோ பேண்ட் இமேஜிங் என்று பெயர், சுருக்கமாக என்.பி.ஐ. ஜப்பானில் காஷிவா நகரிலுள்ள தேசியப் புற்றுநோய் மையத்தின் கிழக்கு மருத்துவமனை மருத்துவர்களும் ஒலிம்பஸ் நிறுவனத்தின் பொறியாளர்களும் 1999 முதல் சேர்ந்து உழைத்து இதை உருவாக்கினார்கள். 2005-06 வாக்கில் இது விற்பனைக்கு வந்தது. இதன் அடிப்படை எளிமையானது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் எல்லா நிற ஒளியையும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. 415 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட நீல ஒளியை மிக அதிகமாகவும், 540 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை அதற்கு அடுத்தபடியாகவும் அது விழுங்கிவிடுகிறது. சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. வெள்ளை ஒளியில் பார்க்கும்போது உணவுக்குழாயின் உட்புறம் முழுவதும் வெளிர் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அந்தச் சிவப்புக்கு நடுவில் ஒரு நுண்ணிய ரத்தக்குழாயின் சிவப்பைப் பிரித்துப் பார்ப்பது, வெல்லப்பாகுக்குள் விழுந்த புளியங்கொட்டையைத் தேடுவது போன்ற வேலை.

சிவப்பை நீக்கிவிட்டு அந்த நீலத்தையும் பச்சையையும் மட்டும் பாய்ச்சினால் நிலைமை மாறுகிறது. நீல ஒளி ஆழமாகப் போகாது. சளிப்படலத்தின் மேற்பரப்பிலேயே நின்று, அங்குள்ள நுண்குழாய்களால் உறிஞ்சப்படுகிறது. பச்சை ஒளி சற்றுக் கீழே இறங்கி, அங்கே ஓடும் பருமனான குழாய்களைச் சந்திக்கிறது. கருவியின் கணினி, நீல ஒளியில் கிடைத்த படத்தைத் திரையின் நீல, பச்சை வழிகளிலும், பச்சை ஒளியில் கிடைத்த படத்தைத் திரையின் சிவப்பு வழியிலும் செலுத்துகிறது. அதனால் மேற்பரப்பு நுண்குழாய்கள் பழுப்பாகவும், ஆழத்திலுள்ள குழாய்கள் பசுமை கலந்த நீலமாகவும் தெரிகின்றன. நீங்கள் திரையில் கண்ட நிறங்கள் உங்கள் தந்தையாரின் உடம்பில் இருக்கும் நிறங்கள் அல்ல, கருவி நமக்காகப் பூசிக் காட்டிய நிறங்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிற மாற்றம் பழகாத கண்ணை நன்றாகவே ஏமாற்றும். என்.பி.ஐ.யில் பித்தநீர் ரத்தச் சிவப்பாகத் தெரியும். உண்மையான ரத்தம் கறுப்பாகத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் அறையில் புதிதாகச் சேர்ந்திருந்த செவிலியர் ஒருவர், இரைப்பைக்குள் பித்தநீர் பொங்கியதைத் திரையில் பார்த்துவிட்டு, ‘சார், ரத்தம் கொட்டுது’ என்று பதறிப்போய் ஊசி மருந்தை எடுக்க ஓடினார். பொத்தானை அழுத்தியதும் அது இளமஞ்சளாக மாறியது. இன்று எங்களிடம் பயிற்சிக்கு வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான்.

சரி, அந்தப் பழுப்புத் திட்டு எதைக் காட்டுகிறது? உணவுக்குழாயின் உட்பரப்பு, தட்டையான செல்கள் அடுக்கடுக்காக அமைந்த ஒரு படலம். அதற்குள் கீழிருந்து மேலாக ஏறி வளைந்து இறங்கும் மெல்லிய ரத்தக்குழாய் வளையங்கள் உண்டு. நலமாக இருக்கும்போது ஒவ்வொரு வளையமும் பெருக்கிய படத்தில் ஒரு கொண்டை ஊசி போல, ஒரே பருமனில், ஒழுங்காக நிற்கும். செல்கள் கட்டுப்பாடு இழந்து பெருகத் தொடங்கும்போது இந்த வளையங்கள் விரிகின்றன, முறுக்கிக்கொள்கின்றன, ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகின்றன, ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பதில்லை. தொலைவிலிருந்து பார்க்கும்போது அந்த இடம் பழுப்புத் திட்டாகத் தெரிகிறது. அருகில் போனால் மிளகுப் பொடியைத் தூவியது போன்ற புள்ளிகள். உருப்பெருக்கினால் ஒவ்வொரு புள்ளியும் மிதிபட்ட கொண்டை ஊசியாகத் தெரியும்.

உங்கள் அறிக்கையிலுள்ள ‘பி1’ என்ற சொல் இதைத்தான் குறிக்கிறது. ஜப்பானிய உணவுக்குழாய்ச் சங்கத்தின் வகைப்பாட்டின்படி, வளையத்தின் வடிவம் சிதைந்திருந்தும் அது இன்னும் வளையமாகவே இருந்தால் பி1. வளையமே கலைந்து நீண்ட குழாய்களாகிவிட்டால் பி2. மிகப் பருமனான, தாறுமாறான குழாய்கள் தெரிந்தால் பி3. இது வெறும் பெயர் சூட்டல் அன்று. வளையம் வளையமாக இருக்கும்வரை, நோய் பெரும்பாலும் மேற்படலத்திலோ அதற்கு அடுத்த மெல்லிய அடுக்கிலோ நிற்கிறது என்று பொருள். பி2, பி3 என்று போகப் போக அது ஆழத்தில் இறங்கியிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆழம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மேல் அடுக்கில் நிற்கும் நோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது மிக அரிது. அதனால்தான் உங்கள் மருத்துவர் மார்பைத் திறக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசாமல் எண்டோஸ்கோபி வழியாகவே எடுத்துவிடலாம் என்கிறார். உங்கள் கடிதத்தில் எனக்கு ஆறுதல் அளித்த விவரம் அந்த ‘பி1’.

அயோடின் பற்றியும் சொல்ல வேண்டும். நலமான உணவுக்குழாய்ச் செல்களில் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள் சேமிப்பு இருக்கும். லூகால் அயோடினைத் தெளித்தால் அது கரும்பழுப்பாகச் சாயம் ஏற்கும். கெட்டுப்போன செல்களில் அந்தச் சேமிப்பு இல்லாததால் அந்த இடம் மட்டும் வெளிறி நிற்கும். ஓரிரு நிமிடம் கழித்து இளஞ்சிவப்பாக மாறினால் சந்தேகம் வலுக்கிறது. என்.பி.ஐ. வருவதற்கு முன்பு பல ஆண்டுகளாக இதுதான் சிறந்த முறையாக இருந்தது. ஆனால் அயோடின் நெஞ்சில் எரிச்சலை உண்டாக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் தைராய்டுக் கோளாறு உள்ளவர்களுக்கும் தயங்கித்தான் பயன்படுத்துவோம். வெறும் அழற்சி உள்ள இடமும் சாயம் ஏற்காமல் நிற்கும் என்பதால் வீண் சந்தேகங்களும் அதிகம். கண்டுபிடிக்கும் திறனில் என்.பி.ஐ. அதற்கு ஏறக்குறைய நிகர். வீண் சந்தேகத்தைக் குறைப்பதில் அதைவிட மேல். என் கருத்தில், முதலில் என்.பி.ஐ.யால் தேடி, சந்தேகம் வந்த இடத்தில் எல்லையைத் துல்லியமாகக் காண அயோடினைத் தெளிப்பதே முறையான வரிசை. உங்கள் மருத்துவர் அதைத்தான் செய்திருக்கிறார்.

முதல் டாக்டர் கோட்டை விட்டுவிட்டாரா என்ற கேள்விக்கு வருகிறேன். நேர்மையாகச் சொன்னால், யாராலும் இப்போது அதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியாது; இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்த மாற்றம் தொடங்கியே இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் ஓர் உண்மையை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். 2010-இல் ஜப்பானின் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. உணவுக்குழாய்ப் புற்றுநோய் கொண்ட 320 பேரைச் சீட்டுப்போட்டு இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வெள்ளை ஒளியிலும் மற்றதற்கு என்.பி.ஐ.யிலும் முதலில் பார்த்தார்கள். உணவுக்குழாயில் மேலோட்டமாக இருந்த புற்றுகளில் என்.பி.ஐ. 97 சதவீதத்தைக் காட்டியது. வெள்ளை ஒளி 55 சதவீதத்தை மட்டுமே காட்டியது. தொண்டைப் பகுதியில் வேறுபாடு இன்னும் திகைப்பூட்டுவது: அங்கே வெள்ளை ஒளியில் அகப்பட்டவை 8 சதவீதம்தான். தேர்ந்த கைகள், நோய் இருக்கக்கூடும் என்று தெரிந்தே தேடியபோது கிடைத்த எண்கள் இவை. நெஞ்செரிச்சலுக்காக வந்த ஒருவரை வெள்ளை ஒளியில் மட்டும் பார்த்த மருத்துவர், மேடும் பள்ளமும் இல்லாத ஒரு தட்டைத் திட்டைக் காணவில்லை என்றால் அதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் மனக்குறை வேறொன்றில் இருக்கிறது. அதைச் சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம்முடைய எண்டோஸ்கோபி அறைகளில் கூட்டம் அதிகம். வாய் வழியாகச் செய்யும் சோதனை மூன்று, நான்கு நிமிடத்தில் முடிந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஐரோப்பிய எண்டோஸ்கோபிச் சங்கம் 2016-இல் வெளியிட்ட நெறிமுறை, முதன்முறை செய்யும் சோதனைக்குக் குறைந்தது 7 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறது. நுரையும் சளியும் படிந்த பரப்பில் எந்த நிற ஒளியைப் பாய்ச்சினாலும் நுரைதான் தெரியும். அதனால் சோதனைக்கு முன்பே நுரையைக் கரைக்கும் சிமெத்திகோனும் சளியை இளக்கும் மருந்தும் குடிக்கக் கொடுத்து, உள்ளே போனபின் நீரைப் பீய்ச்சிக் கழுவிப் பார்க்க வேண்டும். உணவுக்குழாயின் மேல் கால்பகுதியை உள்ளே போகும்போது யாராலும் சரியாகப் பார்க்க முடியாது. வெளியே வரும்போது, ஒளியை மாற்றி, மெதுவாக இழுத்துவர வேண்டும். வெற்றிலை, புகையிலை, மதுப் பழக்கம் உண்டா என்று நோயாளியிடம் முதலிலேயே கேட்டிருந்தால்தான் அந்தக் கூடுதல் நிமிடங்களை யாரிடம் செலவிடுவது என்பது தெரியும். முதல் மருத்துவமனையில் அப்படி யாராவது கேட்டார்களா என்று உங்கள் தந்தையாரிடம் விசாரித்துப் பாருங்கள். கேட்டிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அடுத்து பயாப்ஸி. ஒளி நமக்குக் காட்டுவது ரத்தக்குழாய்களின் வடிவத்தை, புற்றுநோயை அன்று. அமில எதுக்களிப்பால் புண்ணான இடத்திலும் குழாய்கள் விரிந்து பழுப்பாகத் தெரியும். நோயியல் வல்லுநர் செல்லைப் பார்த்துச் சொல்வதே தீர்ப்பு. எங்கே கிள்ள வேண்டும் என்று வழிகாட்டுவதுதான் ஒளியின் வேலை. முன்பெல்லாம் கண்ட இடத்தில் நான்கைந்து துண்டு எடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது மிகச் சிதைந்த வளையங்கள் தெரியும் இடத்தில் ஒன்றிரண்டு எடுத்தால் போதும். சிறிய திட்டில் நிறையத் துண்டு எடுத்தால் தழும்பு கட்டி, பிறகு அந்த இடத்தை உரித்தெடுப்பது கடினமாகிவிடும் என்பதும் ஒரு காரணம்.

‘ஹை கிரேடு டிஸ்ப்ளேசியா’ என்று ஒருவரும் ‘புற்றுநோய்’ என்று இன்னொருவரும் சொல்வதைக் கேட்டுக் குழம்பியிருக்கிறீர்கள். இது உங்கள் ஊருக்கு மட்டும் உரிய குழப்பம் இல்லை. படலத்தை விட்டுக் கீழே இறங்காத, ஆனால் செல்கள் முற்றிலும் கெட்டுவிட்ட நிலையை ஜப்பானிய வல்லுநர்கள் புற்றுநோய் என்றே எழுதுவார்கள். மேற்கத்திய வல்லுநர்கள் கீழே ஊடுருவினால்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்கள். இந்த முரண்பாட்டைத் தீர்க்கவே வியன்னா வகைப்பாடு என்று ஒன்று 2000-இல் வெளியிடப்பட்டது. அதில் இரண்டு பெயர்களும் நான்காம் பிரிவில் ஒன்றாகவே வைக்கப்பட்டுள்ளன. பெயர் எதுவானாலும் செய்ய வேண்டிய சிகிச்சை ஒன்றுதான்: அந்த இடத்தை முழுமையாக எடுத்துவிட வேண்டும்.

அந்தச் சிகிச்சையில், திட்டைச் சுற்றிப் புள்ளி வைத்து, அடியில் திரவத்தைச் செலுத்தி மேலே தூக்கி, சிறு மின்கத்தியால் ஒரே துண்டாக உரித்தெடுப்பார்கள். இ.எஸ்.டி. என்பது இதன் சுருக்கப் பெயர். ரத்தக்கசிவும் துளை விழுதலும் இதன் அபாயங்கள். ஆனால் 15 மி.மீ. என்பது சிறிய திட்டு. குழாயின் சுற்றளவில் முக்கால் பங்குக்கு மேல் எடுக்க நேர்ந்தால்தான் பின்னாளில் சுருங்கி அடைத்துக்கொள்ளும் தொல்லை பெரிதாகும்; உங்கள் தந்தையாருக்கு அந்த நிலை வராது. எடுத்த துண்டை 2 மி.மீ. இடைவெளியில் சீவிப் பார்த்து, ஓரங்கள் நலமாக உள்ளனவா, ஆழம் எவ்வளவு, நிணநீர்க் குழாய்க்குள் நோய் நுழைந்திருக்கிறதா என்று நோயியல் அறிக்கை தருவார்கள். அந்த அறிக்கைதான் இறுதி. பி1 என்ற கணிப்பும் சில சமயம் தவறும்; ஆழம் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று வந்தால் கூடுதல் சிகிச்சை தேவைப்படலாம் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய கருவிகளைத் தேடிப் போக வேண்டுமா? தேவையில்லை என்பது என் பதில். ஃபியூஜிஃபிலிம் நிறுவனத்தின் பி.எல்.ஐ., 410 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைப் பயன்படுத்தி இதே தத்துவத்தில் இயங்குவது. அதே நிறுவனத்தின் எல்.சி.ஐ., சிவப்பைக் கூடுதல் சிவப்பாகவும் வெளிறலைக் கூடுதல் வெளிறலாகவும் காட்டுவதால் இரைப்பையைப் பார்க்க எனக்குப் பிடித்தமானது. பென்டாக்ஸின் ஐ-ஸ்கேன் வேறொரு வழியில் போகிறது. இவற்றில் எது சிறந்தது என்ற விவாதம் எங்கள் மாநாடுகளில் மதிய உணவு வரைக்கும் நீளும். நோயாளிக்கு அதனால் பெரிய வேறுபாடு இல்லை. நீங்கள் படித்த நூற்றுக்கணக்கான நிறங்கள் என்பது ஹைபர்ஸ்பெக்ட்ரல் இமேஜிங். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பல பத்து முதல் நூற்றுக்கணக்கான அலைநீளங்களில் ஒளியின் அளவைப் பதிவுசெய்து, திசுவின் ஆக்சிஜன் நிலை போன்றவற்றைக் கணிக்க முயலும் முறை அது. அறுவை சிகிச்சை மேசையில், குடலை வெட்டித் தைக்கும் இடத்தில் ரத்த ஓட்டம் போதுமா என்று பார்ப்பதற்கு அதைச் சில இடங்களில் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். உணவுக்குழாய்க்குள் நிலைமை வேறு. இதயத் துடிப்போடும் மூச்சோடும் சேர்ந்து அசைந்துகொண்டே இருக்கும் ஒரு குழாயில், அத்தனை அலைநீளங்களையும் படம் அசையாமல் பிடித்தாக வேண்டும். எண்டோஸ்கோபி நோயறிதலில் அது இன்னும் ஆய்வுநிலையில்தான் இருக்கிறது. தானே ஒளிரும் திசுவைப் படம்பிடிக்கும் ஆட்டோஃப்ளோரசென்ஸ் முறை இதைவிட ஆரவாரமாக வந்தது. ஆனால் வீண் எச்சரிக்கைகள் மிகுந்ததால் நாளடைவில் ஒதுங்கிவிட்டது. உங்கள் தந்தையாரின் திட்டு கண்டுபிடிக்கப்பட்டு, ஆழமும் கணிக்கப்பட்டுவிட்டது. இனி உங்களுக்குத் தேவை உணவுக்குழாயில் இ.எஸ்.டி. செய்து பழகிய கை. புதிய கருவி அன்று. ‘உணவுக்குழாயில் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இரைப்பையில் செய்த கணக்கை இதோடு சேர்க்க வேண்டாம். இங்கே சுவர் மெல்லியது, இடம் குறுகியது.

போகும்போது அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். என்.பி.ஐ., அயோடின் படங்களின் நகலையும், பயாப்ஸியின் கண்ணாடிச் சில்லுகளையும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டு வாங்குங்கள். சிகிச்சைக்கு முன்பு காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஒரே பழக்கம் வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகிய மூன்றையும் ஒருங்கே தாக்குவதால், ஓரிடத்தில் மாற்றம் கண்டவருக்கு இன்னோரிடத்திலும் இருப்பது அரிதன்று. எடுத்த பிறகும் எண்டோஸ்கோபி தொடர வேண்டும். பழைய இடத்தைப் பார்க்க மட்டுமன்று, புதிதாக ஒன்று முளைத்திருக்கிறதா என்று பார்க்கவும்தான். ஒவ்வொரு முறையும் அந்தப் பழுப்பு வெளிச்சத்தில் பார்த்ததாக அறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள்.

பாக்கு மட்டும் போடலாமா என்றால், கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை கலக்காத வெற்றிலைப் பாக்கையும், பாக்கை மட்டுமே தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் 2004-இலேயே சேர்த்துவிட்டது. வெற்றிலை குற்றமற்றது, சுண்ணாம்பு செரிமானத்துக்கு நல்லது என்றெல்லாம் அவர் வாதாடினால், பாக்கில்லாமல் வெற்றிலையை மட்டும் எத்தனை நாள் மென்றுவிடுவார் என்று பார்க்கலாம் என்று சொல்லுங்கள். நாற்பது ஆண்டுப் பழக்கத்தைத் திட்டி நிறுத்த முடியாது என்பதால், போதை மீட்பு ஆலோசகரிடம் அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம். நிக்கோட்டினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மென்கட்டிகள் அவருக்கு ஏற்றவையா என்றும் அங்கே கேளுங்கள். வீட்டில் அவரோடு திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைச் செல்லத்தைப் பகிர்ந்துகொள்ளும் உறவினர் யாராவது இருந்தால், அவரையும் அதே வாரம் வாயைத் திறந்து ஒரு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.